டிராக்டரில் ஏறாத அக்காவுக்கு

என் மல்லிகா அக்காவுக்கு,

உன் பரமு எழுதுகிறேன். நீ இருந்தபோது உனக்கு நான் ஒரு கடிதம்கூட எழுதியதில்லை. எதற்கு எழுத? நாலு வீடு தள்ளித்தானே இருந்தாய். அடுப்படியில் நின்று ஒரு குரல் கொடுத்தால் உன் அடுப்படியிலிருந்து பதில் வந்துவிடும். இப்போது கத்தினால் தெருவே திரும்பிப் பார்க்கும், நீ பார்க்க மாட்டாய். அதனால்தான் பேனாவை எடுத்தேன். யார் வேண்டுமானாலும் படித்துக்கொள்ளட்டும், மறைக்க என்னிடம் ஒன்றும் இல்லை.

முதலில் வீட்டுச் சேதி. உன் வீடு முடிந்துவிட்டது அக்கா. உன் மண்வீட்டை ஒட்டி, ஜன்னலுக்கு மேலே லிண்டல் மட்டத்தோடு நின்று, நீட்டிக்கொண்டிருந்த கம்பியில் நீ புடவை காயப்போடுவாயே, அதே வீடுதான். கூரை போட்டு, பூசி, பச்சை பெயிண்ட் அடித்து, வெளிச்சுவரில் திட்டத்தின் பெயரும் அதற்குக் கீழே பயனாளி என்று உன் பெயரும் எழுதியிருக்கிறார்கள். உன் காரியம் முடிந்த கையோடு பிரசிடெண்ட் ஆளை அனுப்பி வேலையை ஆரம்பித்துவிட்டார். ஒரு பைசா கேட்கவில்லை. நீ நடையாய் நடந்தபோது அசையாத பில்லெல்லாம் நீ போனதும் தானாக அசைந்தது. உன் வீட்டுக்காரர் ஏழுமலை மாமா நல்ல நாள் பார்த்துக் குடிபோனார். பால் காய்ச்சும்போது பிரசிடெண்ட்தான் முன்னால் நின்றாராம். நான் போகவில்லை. அதற்காக மாமா இன்றுவரை என்னிடம் முகம் கொடுத்துப் பேசுவதில்லை.

பிரசிடெண்ட் தண்டபாணியைப் பற்றி உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. படிக்கிறவர்களுக்குத் தெரிய வேண்டுமே என்று சொல்கிறேன். எங்கள் ஊராட்சித் தலைவர். கீரப்பாளையம் பக்கம் யாரைக் கேட்டாலும், காரியக்கார ஆளு, எடுத்தால் முடிப்பார் என்பார்கள். பொய்யில்லை. அவருக்கு முன்னால் இருந்தவர் உத்தமர். டீ வாங்கிக் கொடுத்தால்கூடத் தன் காசை மேஜையில் வைத்துவிட்டுத்தான் எழுந்திருப்பார். கையும் சுத்தம், குழாயும் சுத்தம், ஒரு சொட்டுத் தண்ணீர் வராது. உப்புக் கரிக்கிற போர்த் தண்ணீரில் பருப்பு வேகாமல் நாம் பட்ட பாடு கொஞ்சமா? அவர் காலத்தில் வெள்ளம் வந்தபோது நம்மை எட்டிப் பார்க்க நாதி இல்லை. பாவம், அவர் மேலிடத்துக்கு எழுதிக்கொண்டே இருந்தார்.

தண்டபாணி வந்தார். கொள்ளிடத்துத் தண்ணீர் வாசலுக்கு வந்தது. தூர்ந்து கிடந்த வடிகால் வாய்க்கால் திறந்தது. சுடுகாட்டுக்கு ரோடு வந்தது. ஆபீஸ் ஆபீஸாகப் போய் உட்கார்ந்து, சிரிக்கிற இடத்தில் சிரித்து, கத்துகிற இடத்தில் கத்தி, வேலையை முடிக்காமல் எழுந்திருக்க மாட்டார்.

அதே போல வாங்கவும் வாங்குவார். யாருக்கு அரசாங்க வீடு வந்தாலும் பணம் தவணை தவணையாகத்தான் வரும், அஸ்திவாரக் கடைக்காலுக்கு ஒரு பில், லிண்டலுக்கு ஒரு பில், கூரைக்கு ஒரு பில். ஒவ்வொன்றிலும் அவருக்கு ஒரு பங்கு. ஊரே கொடுத்தது. அதுவும் திட்டிக்கொண்டு இல்லை, ‘வாங்குனாலும் வேலைய முடிச்சுக் குடுக்குறாருல்ல’ என்று பாராட்டிக்கொண்டே கொடுத்தது.

நீ ஒருத்திதான் முடியாது என்றாய். முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டே, தலையைத் தூக்காமல் சொன்னாய். “என் பேர்ல வந்த வூட்டுல அவருக்கு எதுக்குடி பங்கு? அவரு என்னா எனக்குக் கூடப்பொறந்தவரா?”

அதோடு உன் பில் நின்றது. போட்டோ சரியில்லை என்றார்கள். கம்ப்யூட்டரில் ஏறவில்லை என்றார்கள். ஓவர்சியர் மாறிவிட்டார், புது ஓவர்சியர் இன்னும் வரவில்லை என்றார்கள். நீ விடுகிற ஆளா? கலெக்டர் மனு வாங்குகிற திங்கட்கிழமை தவறாமல் கடலூர் பஸ் ஏறினாய். கலெக்டர் ஆபீஸ் வாசலில் போலீஸ்காரம்மா உன் கட்டைப்பையைத் திறந்து மண்ணெண்ணெய் பாட்டில் இருக்கிறதா என்று தடவிப் பார்த்தபோது நீ சொன்னதை வந்து எனக்கு நடித்துக் காட்டினாய். ‘ரேஷன்லயே மண்ணெண்ண குடுக்கறது இல்ல, நான் எங்கம்மா போவேன்’ என்றாயாம். அந்தம்மாவே சிரித்துவிட்டு உனக்கு வரிசையில் இடம் பிடித்துக் கொடுத்தாராம். ஊரில் உனக்குக் கலெக்டர் பெண்டாட்டி என்று பேர் வைத்தார்கள். டீக்கடையில் அதைச் சொன்னபோது மாமாவும் கூடச் சேர்ந்து சிரித்துவிட்டு வந்தார். அதுதான் உனக்கு ஜாஸ்தி வலித்தது என்று எனக்குத் தெரியும்.

அதற்குப் பிறகு பிடித்தாயே ஒரு வீம்பு! அவர் தொட்டது எதையும் தொட மாட்டேன் என்று கிளம்பிவிட்டாய். உன் வாசலிலேயே குழாய் இருக்க, குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு பழைய உப்புப் போருக்குப் போனாய். உப்புத் தண்ணீரில் சமைத்து அதையே குடித்தாய். நான் ஒரு நாள் நல்ல தண்ணீர் கொண்டுவந்து வைத்தேன். அதை எடுத்துச் செடிக்கு ஊற்றிவிட்டு, ‘அந்தாளு தண்ணிய நான் குடிக்க மாட்டேன், எடுத்துட்டுப் போ’ என்றாய். எனக்குக் கோபம் வந்தது. கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது. அந்தப் பெருமையை நினைத்தால் இப்போது வயிறு எரிகிறது.

பிறகு அந்தக் கார்த்திகை மழை. அன்றைக்கு நான் சிதம்பரத்தில் வேலை பார்க்கிற மெடிக்கல் ஷாப்பில் இருந்தேன். மத்தியானத்துக்கே ரோட்டில் தண்ணீர் ஏறி பஸ்ஸை நிறுத்திவிட்டார்கள். என் வீட்டுக்காரர் கடலூரில் கம்பெனி ஷிப்டில் மாட்டிக்கொண்டார். பிள்ளைகள் இரண்டும் மாமியாரோடு வீட்டில். போன் எடுக்கவில்லை. கடைக்காரர் வீட்டில் உட்கார்ந்து நான் பட்ட பாட்டை என்னவென்று சொல்வேன். அந்த நேரத்தில் நம் தெருவுக்கு டிராக்டரை ஓட்டிக்கொண்டு வந்தது தண்டபாணிதான். தாசில்தார் வரவில்லை, போட் வரவில்லை, அவர் வந்தார். இடுப்பளவு தண்ணீரில் இறங்கி, என் பிள்ளைகள் இரண்டையும் இரண்டு தோளில் தூக்கி வைத்துக்கொண்டு நடந்திருக்கிறார். எந்த வீட்டுச் சுவர் ஊறியிருக்கும், எந்த வீட்டில் நடக்க முடியாத கிழம் இருக்கும் என்று அவருக்கு அத்துப்படி. வரிசையாகக் கிளப்பிக் கொண்டுபோய்ப் பள்ளிக்கூடத்தில் சேர்த்து, உலை வைத்துச் சோறும் போட்டார்.

உன் வீட்டுக்கும் வந்தார். மாமா ஏறினார், உன் மகள் கவிதா ஏறினாள். நீ வாசற்படியில் நின்றுகொண்டாய். கவிதா சொன்னதைத்தான் எழுதுகிறேன், நான் பார்க்கவில்லை.

“மல்லிகா, செவுரு ஊறிப் போச்சும்மா. வா, ஏறு.”

“ஒங்க சோத்தத் தின்னுட்டுத்தான் நான் உசுரோட இருக்கணும்னு இல்ல. நீங்க போங்க.”

ஆடு இருக்கிறது, அதை விட்டுவிட்டு வர முடியாது என்றும் சொன்னாயாம். அவர் மறுபடி கூப்பிட்டார். அடுத்த தெருவில் பிரசவத்துக்கு நாள் நெருங்கிய ஒரு பெண் இருந்தாள், அவளை ஏற்ற வேண்டும் என்று கிளம்பினார். விடிகாலையில் உன் மண்வீட்டுச் சுவர் உன்மேல் விழுந்தது.

தகவல் கேட்டு முதலில் ஓடி வந்தவரும் அவர்தான் அக்கா. கடப்பாரை போட்டால் உன்மேல் பட்டுவிடும் என்று கையாலேயே மண்ணை வாரியிருக்கிறார். தண்ணீர் கொஞ்சம் வடிந்து நான் வந்து சேர்ந்தபோது அவர் விரலெல்லாம் துணி சுற்றியிருந்தது. பாடைக்கு முன்பக்கம் தோள் கொடுத்தார். உன்னைக் கொண்டுபோனதும் அவர் போட்ட சுடுகாட்டு ரோட்டில்தான். ஊரிலேயே அது ஒன்றுதான் தண்ணீருக்கு மேலே இருந்தது.

இப்போது நீயே சொல். உன்னைக் கொன்றது அவர் நிறுத்திய பில்லா, உன் வீம்பா? ஊர் இரண்டாவது என்கிறது. எனக்கு உன்மேலும் கோபம்தான். படியில் நின்ற காலை ஒரு அடி எடுத்து வைக்க உனக்கு ஏன் மனசு வரவில்லை? ஆனால் கூரை போட்ட வீடு ஒன்று பக்கத்திலேயே இருந்திருந்தால், நீ எங்கேயும் ஏறவே வேண்டியிருந்திருக்காதே.

சரி, அதற்குப் பிறகு நடந்ததைச் சொல்கிறேன். நீ போனாலும் உன் மனு போகவில்லை. அது பாட்டுக்கு மேஜை மேஜையாக நகர்ந்து, ஒரு நாள் விசாரணை என்று ஜீப்பில் வந்து இறங்கியது. வந்தவர்கள் உன் வீட்டோடு நிற்காமல் மற்றதையும் தோண்டினார்கள். செய்யாத வேலைக்கெல்லாம் பில் போட்டிருந்தது தெரிந்தது. உங்களை ஏன் பதவியிலிருந்து நீக்கக் கூடாது என்று கலெக்டரிடமிருந்து அவருக்கு நோட்டீஸ் வந்தது. அடுத்ததாக, வார்டு உறுப்பினர்களைக் கூட்டி வைத்து, இவர் இருக்கலாமா போகலாமா என்று தாசில்தார் கருத்துக் கேட்க வேண்டும். முடிவு கலெக்டருடையது, ஆனால் நாங்கள் சொல்வது அதில் ஏறும். நாங்கள் ஒன்பது பேர். அதில் உன் தங்கச்சியும் ஒருத்தி. எலெக்ஷனுக்கு எனக்காக வீடு வீடாக வந்து கும்பிட்டாயே, அந்த வேலைதான் என்னை எங்கே கொண்டு வந்து நிறுத்தியது பார்.

கூட்டத்துக்கு முன்னால் அவர் என்னைத் தேடிச் சிதம்பரத்துக்கு வந்தார். மெடிக்கல் ஷாப்பில் சர்க்கரை மாத்திரை வாங்கினார். கூட்டம் குறையும் வரைக்கும் ஓரமாக நின்றார். அப்புறம் கவுன்டரில் கையை ஊன்றிக்கொண்டு, மெதுவாகத்தான் பேசினார்.

“பரமு, நான் ஒளிக்கல. வாங்குனேன். எனக்கு மேல இருக்கறவனுக்கும் குடுத்தேன். குடுக்காம எந்த ஃபைலு நவுருது, நீயே சொல்லு.”

எனக்கு அதெல்லாம் வேண்டியிருக்கவில்லை. ஒன்றே ஒன்றுதான் கேட்டேன். “அக்கா பில்ல ஏன் நிறுத்துனீங்க? அவ ஒருத்தி குடுக்கலன்னா ஒங்களுக்கு என்னா கொறஞ்சிடப் போவுது?”

அவர் மாத்திரை அட்டையையே பார்த்துக்கொண்டிருந்தார். “ஒண்ணும் கொறையாது. ஆனா அவளுக்கு விட்டா, நாளைக்கு எல்லாரும் குடுக்க மாட்டோம்பாங்க.”

பொய் சொல்லியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். கடவுளே, இந்த மனுஷன் உண்மையைச் சொல்லித் தொலைக்கிறாரே என்று இருந்தது. உன்மேல் அவருக்குப் பகை இல்லை அக்கா. உன் பணம் அவருக்குத் தேவையும் இல்லை. எந்தச் சுவர் ஊறியிருக்கிறது என்று தெரிந்த அதே கண்ணுக்கு, எந்தப் பில்லை நிறுத்தினால் ஊர் ஒழுங்காகக் கொடுக்கும் என்பதும் தெரிந்திருக்கிறது. அவர் எதையும் அரைகுறையாகச் செய்கிறவர் இல்லையே.

கிளம்பும்போது இன்னொன்றும் சொன்னார். “நான் போயிட்டா அடுத்த மழைக்கு யாரு வருவா? ஒன் புள்ளைங்கள யாரு தூக்குவா? அத யோசிச்சுக்க. அப்பறம் ஒன் இஷ்டம்.” மிரட்டலாகச் சொல்லவில்லை. மாத்திரைக்குத் தள்ளுபடி போட்டேன், வேண்டாம் என்று முழுசாகக் கொடுத்துவிட்டுப் போனார்.

அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. யாரைப் பார்த்தாலும் இதே பேச்சுதான். யோக்கியனை வைத்துக்கொண்டு தண்ணீரில் சாவதா, இவரை வைத்துக்கொண்டு பிழைப்பதா என்றார்கள். என் மாமியார் ஒரு படி மேலே போய், பேரப்பிள்ளைகளைத் தூக்கின தோளைத் தட்டிவிடுவாயா என்று கேட்டார். என் வீட்டுக்காரர் சின்னவளைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு என் எதிரில் உட்கார்ந்திருந்தார். அவர் சொல்ல வந்தது அதுதான்.

தாசில்தார் வருவதற்கு முந்தின சாயங்காலம் திரௌபதி அம்மன் கோவிலில் ஊர்க்கூட்டம் போட்டார்கள். நம் ஊர் வழக்கம்தான் உனக்குத் தெரியுமே. சட்டப்படி நடக்கப் போகிற கூட்டத்தை முதல் நாளே அம்மன் முன்னால் நடத்தி முடித்துவிடுவது. தட்டில் கற்பூரம் ஏற்றி, ‘பிரசிடெண்டு இருக்கணும்னுதான் சொல்லுவோம்’ என்று உறுப்பினர்கள் ஒவ்வொருவராக வந்து அணைத்துச் சத்தியம் செய்ய வேண்டும். எட்டுப் பேர் செய்தார்கள். ஒவ்வொரு தடவையும் பூசாரி புதுக் கற்பூரம் வைத்தார். என் முறை வந்தது. நான் நின்ற இடத்தை விட்டு நகரவில்லை. நாளைக்குத் தாசில்தார் கேட்கும்போது மனசில் இருப்பதைச் சொல்ல வேண்டும், இன்றைக்கே அம்மனிடம் வேறொரு வாக்கைக் கொடுத்துவிட்டால் எதைக் காப்பாற்றுவது என்று கேட்டேன். சலசலப்பு எழுந்தது. கூட்டத்திலிருந்து ஏழுமலை மாமாதான் முன்னால் வந்தார்.

“சத்தியம் பண்ணிரு பரமு. போனவ போயிட்டா. இருக்கறவங்க இருக்க வேணாமா?”

ஊரில் வேறு யார் சொல்லியிருந்தாலும் பதிலுக்குப் பதில் கொடுத்திருப்பேன். உன் புருஷன் சொன்னார். உன் பெயர் எழுதின சுவருக்குள் தூங்கி எழுந்து வந்து சொன்னார். கற்பூரம் அதுவாகவே எரிந்து அணைந்தது.

வீட்டுக்கு வந்ததும் கவிதா கடலூர் ஹாஸ்டலிலிருந்து போன் செய்தாள். அதற்குள் அவளுக்கும் சேதி போயிருக்கிறது. அழவில்லை. “அம்மா ஏறியிருக்கலாம் சித்தி. அவரு கூப்ட்டாரு. நான் பாத்தேன்” என்றாள். என்னைக் குத்திக் காட்டவில்லை, அவளுக்கு அவள் அம்மா வேண்டும், அவ்வளவுதான்.

மறுநாள் ஊராட்சி ஆபீஸில் கூட்டம். தாசில்தார் ஒரு பெண்மணி. ஒவ்வொருவராக எழுந்து, தலைவர் மீது எங்களுக்கு முழு நம்பிக்கை இருக்கிறது என்று ஒரே பாடத்தை ஒப்பித்தார்கள். கடைசியாக என்னைக் கேட்டார். தண்டபாணி எதிரில் உட்கார்ந்திருந்தார். அவர் தோளைப் பார்த்துக்கொண்டேதான் பேசினேன்.

“ரொம்ப நல்லா வேலை செய்யறாரு மேடம். எம் புள்ளைங்க உசுரோட இருக்கறது அவராலதான். ஆனா அவரு போவணும்.”

தாசில்தார் பேனாவை நிறுத்திவிட்டு, ரெண்டில் ஒன்று சொல்லுங்கம்மா என்றார். ரெண்டையும் எழுதுங்க மேடம், ரெண்டும்தான் நெசம் என்றேன். அவர் எழுதினார். கையெழுத்துப் போடும்போது படித்தேன். நீக்க வேண்டும் என்று கருத்துத் தெரிவித்தார் என்று மட்டும் இருந்தது. மற்றதற்கு அந்தத் தாளில் இடம் இல்லை போலிருக்கிறது.

சில மாதம் கழித்து உத்தரவு வந்தது. பெரும்பான்மை உறுப்பினர்களின் கருத்தையும் வெள்ளக் காலத்துப் பணிகளையும் கருத்தில் கொண்டு எச்சரிக்கையோடு மேல் நடவடிக்கை கைவிடப்படுகிறது என்று. தாரை தப்பட்டையோடு வெடி வெடித்தார்கள். உன் வாசல் வழியாகத்தான் ஊர்வலம் போனது. அவர் பழிவாங்குவார் என்று எதிர்பார்த்தேன். எங்கள் தெருவில் பல்பு போனால் மறுநாளே மாட்டினார். பார்த்தால் நல்லா இருக்கியாம்மா என்று கேட்டார். பழிவாங்கியதெல்லாம் ஊர்தான். தீமிதித் திருவிழாவுக்கு வீட்டுக்கு வீடு வரி வாங்கிக்கொண்டு வந்தவர்கள் எங்கள் வீட்டைத் தாண்டிப் போனார்கள். வரி வாங்கவில்லை என்றால் ஊரில் சேர்த்தி இல்லை என்று அர்த்தம். என் பெரியவன், நாம ஏம்மா தரல என்று கேட்டான். தரவில்லை என்று அவன் நினைத்துக்கொண்டிருக்கிறான்.

இவ்வளவையும் சொன்னேன், இனிமேல் சொல்வதற்குத்தான் இந்தக் கடிதமே. இந்தக் கார்த்திகையிலும் மழை பிடித்துக்கொண்டது. தண்ணீர் மறுபடி தெருவுக்குள் வந்தது. இந்தத் தடவை நான் வீட்டில்தான் இருந்தேன். ஓடு ஒழுகி, பின்சுவர் ஈரம் கோத்து நிறம் மாறிக்கொண்டிருந்தது. வாசலில் டிராக்டர் சத்தம். அவரேதான். மழையில் நனைந்துகொண்டு கையை நீட்டினார்.

“ஏறும்மா. பேச்சு வேற, தண்ணி வேற.”

படியில் நின்றேன் அக்கா. நீ நின்ற மாதிரியே நின்றேன். உன் உடம்பு என் உடம்புக்குள் வந்து நின்ற மாதிரி கால் எழும்பவில்லை. ஊரே டிராக்டரில் உட்கார்ந்து என்னைப் பார்த்தது. இவ ஏறுவாளா என்று பார்த்தது. எனக்கு எதிராகக் கையெழுத்துப் போட்டவள் என் கையைப் பிடிப்பாளா என்று அவரும் பார்த்திருப்பார். சின்னவள் என் முந்தானையைப் பிடித்து இழுத்தாள். ஏறிவிட்டேன். அவர் கையைப் பிடித்துத்தான் ஏறினேன்.

போகிற வழியில் உன் வீட்டைப் பார்த்தேன். சுற்றிலும் தண்ணீர், உள்ளே ஒரு சொட்டு இல்லை. ஏழுமலை மாமா ஜன்னலில் நின்று எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் எங்கேயும் ஏற வேண்டியிருக்கவில்லை. எனக்கு அழுகை வந்தது, மழையில் யாருக்கும் தெரியவில்லை.

பள்ளிக்கூடத்தில் பந்தி போட்டார்கள். அவர்தான் வாளியைத் தூக்கிக்கொண்டு சாம்பார் ஊற்றினார். நான் இலையில் கை வைத்ததும் எதிர்ப்பந்தியிலிருந்து ஒருத்தி கேட்டாள், பிரசிடெண்ட் சோறு இனிக்குதா என்று. நாலு பேர் சிரித்தார்கள். அப்போதுதான் அக்கா, எனக்கு வந்தது. யோசித்துச் சொல்லவில்லை, வாயில் சோறோடு சொன்னேன்.

“இது அவரு சோறு இல்ல. நம்ம சோறு. அரிசி ரேஷன் அரிசி, டீசல் பஞ்சாயத்து டீசல். ஊத்தறது மட்டும்தான் அவரு.”

சிரிப்பு நின்றது. தண்டபாணி என் இலைக்கு முன்னால்தான் நின்றிருந்தார். அவருக்குக் கேட்டது. இன்னொரு கரண்டி ஊற்றிவிட்டு அடுத்த இலைக்குப் போனார்.

இதை உன்னிடம் யாரும் சொல்லவில்லையே அக்கா. எனக்கே அன்றைக்குத்தானே தெரிந்தது. அவர் சோறு, அவர் தண்ணீர், அவர் ரோடு என்று ஊர் நம்பியது. நம்பியதால் கும்பிட்டது. நீயும் அதையேதான் நம்பினாய், அதனால் தொட மாட்டேன் என்றாய். நீயும் ஊரும் வாழ்நாள் முழுக்கச் சண்டை போட்டீர்கள், ஆனால் இந்த ஒன்றில் மட்டும் ஒரே கட்சி. அந்தத் தண்ணீர் உன்னுடையது. அந்த டிராக்டரில் உனக்கு இடம் இருந்தது, அவர் கொடுத்த இடம் இல்லை. நீ ஏறியிருக்க வேண்டும். ஏறி, வயிறு நிறையத் தின்றுவிட்டு, திங்கட்கிழமை மறுபடி கடலூருக்குப் போயிருக்க வேண்டும். உன்னைக் கட்டிப் பிடித்துக்கொண்டு இதைச் சொல்ல நீ இல்லாமல் போய்விட்டாயே.

சாப்பிட்டு எழுந்து கை கழுவும்போது பின்தெருச் செல்லம்மா என் பக்கத்தில் வந்து நின்றாள். புருஷன் இல்லாதவள், உனக்குத் தெரியும். யாரும் பார்க்கிறார்களா என்று ஒரு பார்வை பார்த்துவிட்டு, என் பில்லும் லிண்டலோட நிக்குது பரமு, குடுக்க எங்கிட்ட எதுவும் இல்ல என்றாள். எச்சரிக்கை, விசாரணை, உத்தரவு எல்லாம் வந்து போயும் அது அப்படியேதான் நடக்கிறது. அவள் இன்னும் மண்சுவருக்குள்தான் இருக்கிறாள். அன்றைக்கு அவள் சரியாகச் சாப்பிடவும் இல்லை. அவர் ஊற்றிய சாம்பாரைப் பார்த்தபடியே உட்கார்ந்திருந்தாள். அந்தப் பார்வையை நான் எங்கே பார்த்திருக்கிறேன் என்று உனக்குச் சொல்ல வேண்டுமா?

உன்மேல் ஆணையாகச் சொல்கிறேன் அக்கா. மழை பிடித்தால் செல்லம்மாவை அவர் டிராக்டரில் நானே தூக்கிப் போடுவேன், அடித்தாவது போடுவேன். பக்கத்தில் உட்கார்ந்து ஊட்டிவிடுவேன். மழை விட்டதும் வருகிற திங்கட்கிழமை, அதே கையைப் பிடித்துக் கடலூர் பஸ்ஸில் ஏற்றுவேன்.

உன் வயிற்றோடு வயிறாகப் படுத்து வளர்ந்த தங்கச்சி,
பரமேஸ்வரி